ஆறு முழக் குழாய்

கிட்ட வாங்க கண்ணுகளா. நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். காது மந்தமானவர்கள் முன்னால் வரலாம், தூக்கம் வருகிறவர்கள் சுவரோரம் சாய்ந்துகொள்ளலாம், நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ஒரு குழாயின் கதை. ராஜாவும் இல்லை, பூதமும் இல்லை. சுண்டுவிரல் தடிமனில், ஆறு முழ நீளத்தில், கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு ரப்பர் குழாய். அது ஒரு பெண்ணின் ஆறு வருஷப் படிப்பை ஒரு சத்தமும் போடாமல் குடித்துவிட்டது. பயந்துவிடாதீர்கள். கதை முடியும்போது எல்லாரும் நல்லபடியாகத்தான் இருப்பார்கள்.

அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் சுத்தம்மா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. நாற்பதைத் தொட்டவள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் வேதியியல் டீச்சராக இருந்துவிட்டு, முனைவர் பட்டம் வாங்காமல் விடுவதில்லை என்று ஒரு நாள் ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு வந்தவள். ஒரு குடுவையை மற்றவர்கள் ஒரு தடவை கழுவினால் அவள் மூன்று தடவை கழுவுவாள். கழுவின பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அது எதையோ மறைக்கிறது என்பதுபோல முறைத்துப் பார்ப்பாள். பேர் வந்தது அப்படித்தான்.

அவள் ஆராய்ச்சி தண்ணீரைப் பற்றியது. நாம் விழுங்கும் மாத்திரை மொத்தமும் உடம்போடு தங்கிவிடுவதில்லை இல்லையா? மிச்சம் கழிவறை வழியாகப் போய், சாக்கடையில் சேர்ந்து, ஆற்றில் கலந்து, சுற்றிக்கொண்டு நம் குழாய்க்கே வந்து நிற்கிறது. அதிலும் பெண்கள் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடச் சாப்பிடும் மாத்திரையில் உள்ள ஹார்மோன் பொல்லாதது. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவில் இருந்தாலே போதும், ஆற்றில் ஆண் மீனின் உடம்பில் முட்டை உருவாகத் தொடங்கிவிடும். இதை அவள் வீட்டில் முதன்முதலாக விளக்கிச் சொன்னபோது, இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் மாமனார் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ ஆம்பளை மீனுக்கும் பிரசவ லீவு குடுக்கணுமேம்மா" என்றார்.

அந்த ஹார்மோனைத் தடுத்து நிறுத்த அவள் ஒரு சவ்வு செய்திருந்தாள். பாலின் மேல் படியும் ஆடை மாதிரி மெல்லிசு, ஆனால் இழுத்தால் கிழியாது. அதை அகராதி அளவுள்ள ஓர் இரும்புப் பெட்டிக்குள் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து, ஒரு பக்கத்திலிருந்து ஹார்மோன் கலந்த தண்ணீரை அழுத்தத்தோடு அனுப்ப வேண்டும். மறுபக்கம் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடியும். வடிந்ததை ஒரு பாட்டிலில் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து, பிறகு அளக்க வேண்டும். தொட்டியும் இரும்புப் பெட்டியும் அறையின் ஒரு சுவரோரம். குளிர்பெட்டியோ எதிர்ச்சுவரோரம், ஏனென்றால் ப்ளக் அங்கேதான் இருந்தது. இரண்டுக்கும் இடையில் போனது அந்த ஆறு முழ ரப்பர் குழாய். இப்போது புரிகிறதா, அது எங்கிருந்து வந்தது என்று.

சவ்வு பிரமாதமாக வேலை செய்தது. நூறு பங்கு ஹார்மோன் உள்ளே போனால் நாலே பங்குதான் வெளியே வந்தது. தொண்ணூற்றாறு பங்கைச் சவ்வு பிடித்து நிறுத்திக்கொண்டது. அதற்குப் பக்கத்தில் வேறு யாருடைய சவ்வும் வரவில்லை. கட்டுரையாக வந்து, பத்துப் பதினைந்து ஊர்களில் படித்தார்கள். ஆய்வேட்டின் தலைப்பிலேயே அந்த எண்ணைப் போட்டிருந்தாள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் பத்தொன்பது நாள். ஏற்கெனவே இரண்டு முறை கெடு நீட்டிக் கொடுத்தாகிவிட்டது. இந்தத் தேதியைத் தவறவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷமும் போனது போனதுதான். அந்த நிலைமையில் ஒரே ஒரு அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. எதையும் மூன்று முறை செய்து காட்ட வேண்டும் என்பது பேராசிரியரின் சட்டம். மூன்றாவது ஓட்டம் ஒன்று பாக்கி.

திங்கட்கிழமை காலையில் ஸ்டோருக்குப் போனாள்.

"அண்ணே, குழாய்."

"குழாய் இல்லைம்மா" என்றார் ஸ்டோர்காரர், தலையைத் தூக்காமலே. "வியாழக்கிழமை வரும்னாங்க. எந்த வியாழக்கிழமைன்னு சொல்லலை."

"ஒரு துண்டு கூடவா இல்லை?"

"ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புதுக் குழாய் வாங்கிட்டுப் போறே. நீ கழிச்சுப் போட்டதை ஒண்ணாச் சேர்த்தா இந்தக் கட்டடத்துக்கே ஒட்டியாணம் கட்டலாம். சனிக்கிழமை மாட்டினியே, அதையே மாட்டு. ஒண்ணும் குடி முழுகாது."

அவர் சொன்னது நிஜம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுக் குழாய் மாட்டுவது சுத்தம்மாவின் வழக்கம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒருவர் குடித்த டம்ளரில் இன்னொருவருக்குத் தண்ணீர் ஊற்றித் தருவோமா என்பாள். வேறு வழியில்லாமல், சனிக்கிழமைக் குழாயை மூன்று முறை கழுவி, முகத்தைச் சுளித்துக்கொண்டே மாட்டினாள்.

அளக்கும் கருவி இருந்தது கீழ்த்தளத்தில், குளிரூட்டிய ஓர் அறையில். வெளியே வெயில் கொளுத்தினாலும் அதை இயக்குகிற அம்மாள் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். அதனால் ஸ்வெட்டர் அக்கா. சாயங்காலம் அக்கா தாளை நீட்டினார். நாலு வரவேண்டிய இடத்தில் பத்தொன்பது.

"மெஷின் சரியா இருக்காக்கா?"

"மெஷினுக்கு என்ன கேடு. இது எனக்கு மூத்தது, ஆனா என்னை மாதிரி மூட்டுவலி கிடையாது. உன் சவ்வைப் போய்ப் பாரு தங்கச்சி."

செவ்வாய்க்கிழமை புதுச் சவ்வு ஒன்றை எடுத்து வைத்தாள். குழாய் அதேதான். இருபத்தேழு. புதன்கிழமை இன்னொரு சவ்வு. முப்பத்து மூன்று. வீட்டில் பல் துலக்கும்போதுகூட எண்களையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மாமனார் கதவுக்கு வெளியே நின்று, "எந்த மாடிம்மா? முப்பத்து மூணா? அவ்வளவு உயரம் நான் போனதில்லை" என்றார்.

ஆச்சரியம் பாருங்கள், அந்த வியாழக்கிழமையே குழாய் வந்துவிட்டது. ஓடிப்போய் வாங்கி, மாட்டி, ஓட்டினாள். நாலு. பழைய நாலு. தாளை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். காலிக் கட்டத்தில் அந்த எண்ணை எழுதினாள். முடிந்தது என்று கணவனுக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டாள்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். அவள் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் முடிந்தும் இருக்கும்.

ஆனால் அவளுடைய நோட்டில் நடுவே மூன்று கெட்ட நாள் கிடந்தன. காரணம் எழுதாமல் ஒரு பக்கத்தைத் திருப்பும் வழக்கம் அவளிடம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை, ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் வந்திராத நேரம், பேனாவைத் திறந்து எழுதினாள்: "பழைய குழாய். முந்தைய ஓட்டங்களில் குழாய்ச் சுவரில் ஊறிப்போன ஹார்மோன் அடுத்த நாள் கசிந்து வந்ததால் அளவு கூடுதலாகக் காட்டியது."

நல்ல காரணம். யார் படித்தாலும் தலையாட்டுவார்கள். மை காய்வதற்காக ஊதினாள். ஊதிக்கொண்டே அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

நேற்றுக் குடித்ததைத்தான் குழாய் இன்றைக்குத் துப்புகிறது. சரி. அப்படியானால் நேற்று அது குடித்திருக்க வேண்டும். நேற்றுக் குடித்தது என்றால், நேற்றுப் பாட்டிலுக்கு வந்து சேர்ந்தது குறைவு. அதற்கு முந்தின ஓட்டத்திலும் புதுக் குழாய், அதுவும் குடித்திருக்கும். அதற்கு முன்னால்...

பேனாவை மூடி வைத்தாள். எழுந்து போய் ஜன்னலோரம் நின்றாள். கீழே தோட்டக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் கையிலும் குழாய்தான் இருந்தது. அதை அவளால் பார்க்க முடியவில்லை.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு, அதைத் தண்ணீர் ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். வெற்று ஓட்டம் என்பார்கள். பெட்டிக்குள் சவ்வு வைக்காமல் சும்மா ஓட்டிப் பார்ப்பது. சவ்வு இல்லையென்றால் நூறு போனால் நூறு வரவேண்டும். முதல் வருஷமே அவள் அதைச் செய்து, நூறும் வந்து, பேராசிரியர் கையெழுத்தும் போட்டிருந்தார். ஆனால் அது பழைய சின்ன அமைப்பு, மூன்று விரல் நீளத்துக்கு எஃகுக் குழாய். மூன்றாவது வருஷம் பெரிய பெட்டி வந்தது, ரப்பர் குழாய் வந்தது. மறுபடியும் வெற்று ஓட்டம் ஓட்ட வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெட்டியைத் திறந்து சவ்வை எடுத்தாள். வெறும் பெட்டியைத் திருகி மூடினாள். புதுக் குழாய் மாட்டினாள். அதே சொட்டு வேகம் வரும்படி வால்வைத் திருப்பி வைத்து, எட்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் ஸ்வெட்டர் அக்கா தாளைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தார். "பத்து. நேத்து அளவுக்கு இல்லைன்னாலும், தொண்ணூறு பிடிச்சிருக்கே உன் சவ்வு. மோசமில்லை தங்கச்சி."

"அக்கா, உள்ளே சவ்வே இல்லை."

ஸ்வெட்டர் அக்கா தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவள் பக்கம் தள்ளினார். "உக்காரு. முதல்ல உக்காரு."

அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனாள். மாமனாரும் அங்கேதான் இருந்தார். மாலைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது அவர் பொழுதுபோக்கு. கணவன் ஒரு ஃப்ரேமின் திருகாணியை முடுக்கியபடியே முழுக் கதையையும் கேட்டான்.

"குழாயே தொண்ணூறு பிடிக்குதுன்னா, சவ்வு எதுக்கு? குழாயை வித்துடலாமே" என்றான்.

"அது நாலு நாள்ல வயிறு நிறைஞ்சு நின்னுடுங்க. அப்புறம் வர்றதை எல்லாம் அப்படியே விட்டுடும்."

"நம்ம வீட்டு விருந்தாளிங்களைவிடத் தேவலை" என்றார் மாமனார். "அவங்க நாலு நாள்ல நிறையறதே இல்லை."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவன் திருகாணியைக் கீழே வைத்தான்.

"நெஜமா கேக்கிறேன். நீ சொல்லலேன்னா இது யாருக்குத் தெரியும்?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை அவன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவளும் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. ஆனா என் கட்டுரையைப் படிச்சிட்டு இதே சவ்வை வேற யாராவது செய்வாங்க இல்லையா? அவங்க எஃகுக் குழாய் போட்டா இந்த எண் வராது. தன் கைதான் சரியில்லைன்னு..."

பாதியில் நிறுத்தினாள். வாய் திறந்தபடியே இருந்தது.

"என்னம்மா?" என்றான் கணவன்.

"ஒருத்தி எழுதியிருந்தா" என்றாள். "போன வருஷம்."

ஆமாம் கண்ணுகளா, எழுதியிருந்தாள். வேறோர் ஊரில் ஆராய்ச்சி செய்யும் பெண், முகம் பார்த்ததில்லை. 'உங்கள் முறைப்படியே சவ்வு செய்தேன். எத்தனை முறை ஓட்டினாலும் சவ்வு பிடிப்பது அறுபதைத் தாண்டவில்லை. எங்களிடம் இருப்பது எஃகுக் குழாய், அதனால் இருக்குமோ?' என்று கேட்டிருந்தாள். சுத்தம்மா அன்றைக்கு உற்சாகமாக இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினாள். பாத்திரம் கழுவும் விதம், கையுறை மாற்றும் விதம் எல்லாம் வரிசையாக. கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: 'குழாயை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாற்றுங்கள். எஃகுக் குழாயை மாற்ற வழியில்லை என்றால், வழி செய்துகொள்ளுங்கள். சுத்தம்தான் இந்த வேலையில் பாதி.'

கடையில் நின்றபடியே போனில் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தாள். கேட்டவள் கேள்வியிலேயே விடை இருந்தது. அதற்குத்தான் இவள் பாத்திரம் கழுவச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். காது மடல் இரண்டும் சுட்டன.

அப்புறம் அவளுக்கு எந்த யோசனையும் தேவைப்படவில்லை. பயம் மட்டும் பாக்கி இருந்தது. அதைக் கூட்டிக்கொண்டே போய் சனிக்கிழமை ஒன்று, திங்கட்கிழமை ஒன்று என்று இன்னும் இரண்டு வெற்று ஓட்டம் ஓட்டினாள். செவ்வாய்க்கிழமை காலை பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டினாள்.

பேராசிரியர் கண்டிப்பான பெண்மணி. ஆள் யாராவது எதிரே உட்கார்ந்து பேசினால், அவர் பென்சில் சீவுவார். பேச்சு நீளமானால் பென்சில் குட்டையாகும்.

"மேடம், ஒரு அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷம்னு வந்தவங்க யாரும் அஞ்சு நிமிஷத்துல போனதில்லை. சொல்லு."

நோட்டைத் திறந்து முன்னால் வைத்தாள். "வெற்று ஓட்டம் ஓட்டினேன் மேடம். பெரிய அமைப்புல."

"இப்பவா?"

"இப்பத்தான்."

பேராசிரியர் படித்தார். பென்சில் சீவும் சத்தம் நின்றுபோயிருந்தது. "எத்தனை தடவை?"

"மூணு. பத்து, பதினொண்ணு, பத்து."

"புது அமைப்பு வந்த அன்னிக்கு ஏன் ஓட்டலை?"

"பழையதுல ஓட்டினதே போதும்னு நினைச்சிட்டேன்."

"ம். நானும் கேக்கலை." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தைச் சுத்தம்மா பார்த்ததே இல்லை. களைத்துப்போன, சாதாரணமான ஒரு முகம். "அந்தக் கட்டுரையில என் பேர் ரெண்டாவதா இருக்கு, இல்ல?"

"ஆமா மேடம்."

"அப்போ தப்புலயும் ரெண்டாவதா இருந்துட்டுப் போறேன். முதல்ல பத்திரிகைக்கு எழுது, கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கிறோம்னு. நானும் கையெழுத்துப் போடறேன். அடுத்தது ஆய்வேட்டுக் குழு. கெடு கேப்போம்."

"குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னா இல்லைதான். பொய் சொல்லி உனக்குத் தெம்பு குடுக்க எனக்குத் தெரியாது." மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா கேக்கிறப்போ நான் உன் பக்கத்து நாற்காலியிலதான் உக்காருவேன். எதிர்ல இல்லை."

குழு கூடியபோது கெடுவுக்குப் பத்து நாள் இருந்தது. நீள மேஜை, ஐந்து பேர், ஒரு ஜாடித் தண்ணீர். அதை யாரும் தொடவில்லை. சுத்தம்மா நின்றுகொண்டு சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவர்களில் ஒருவர், நல்ல மனுஷர்தான், இரக்கப்பட்டு ஒரு வழி காட்டினார்.

"இதை ஒரு அடிக்குறிப்பா போட்டுட்டு முடிச்சிடலாமேம்மா. இவ்வளவு தூரம் வந்துட்டே."

"அடிக்குறிப்புல அடங்காதுங்க" என்றாள் அவள். "தப்பான எண் தலைப்பிலேயே இருக்கு."

அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள். வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் தீயணைப்புக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒட்டியிருந்த தாளை எழுத்து விடாமல் பதினேழு முறை படித்தாள். பேராசிரியர் வெளியே வந்தார்.

"தொண்ணூறு நாள். அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூட இல்லை. சொன்னவர் முகத்தைப் பார்த்தேன், நெஜமாத்தான் சொல்றார்."

தொண்ணூறு நாளில் செய்த வேலையைச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் குளிர்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து இரும்புப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். எலெக்ட்ரீஷியன் வந்து ப்ளக்கை இடம் மாற்றிக் கொடுக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. நாலு வருஷமாக யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. இடையில் ஒரு சாண் எஃகுக் குழாய். எல்லா ஓட்டத்தையும் முதலிலிருந்து ஓட்டினாள். சவ்வு பிடித்தது ஐம்பத்தெட்டு. மறுநாளும் ஐம்பத்தெட்டு. ஒரு நாள் ஐம்பத்தேழு, ஒரு நாள் ஐம்பத்தொன்பது. தொண்ணூற்றாறுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நோஞ்சான் பிள்ளைதான். ஆனால் அடித்துப் போட்டாலும் மாறாத பிள்ளை.

இடையில் அந்த முகம் தெரியாத பெண்ணுக்கும் எழுதினாள். அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. ஐந்து முறை எழுதி அழித்து, கடைசியில் நாலு வரி அனுப்பினாள்: 'உங்கள் அறுபது சரி. என் தொண்ணூற்றாறு தப்பு. குழாய்தான் காரணம், நீங்கள் சந்தேகப்பட்டது போலவே. நான் உங்களுக்கு எழுதிய பதிலுக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.'

பதினோரு நாள் பதில் இல்லை. பன்னிரண்டாம் நாள் வந்தது.

'உங்கள் பழைய கடிதத்தைப் படித்த பிறகு, எனக்குக் கை சுத்தம் போதாது, இந்த வேலை எனக்கு வராது என்று முடிவு செய்து, மண் ஆராய்ச்சிக்கு மாறிவிட்டேன். திரும்பி வரப் போவதில்லை. மண் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அதில் யாரும் என்னைக் கழுவச் சொல்வதில்லை. ஆனால் புதுக் கடிதம் வந்த அன்று வயிறாரச் சாப்பிட்டு, மத்தியானத்திலேயே நன்றாகத் தூங்கினேன். இதை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். பழைய நோட்டைத் தூக்கிப் போடவில்லை. முப்பத்தொரு ஓட்டம் இருக்கிறது. வேண்டுமா?'

கழுவச் சொல்வதில்லை என்ற இடத்தில் சுத்தம்மாவுக்குச் சுருக்கென்றது. படவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். வேண்டும் என்று எழுதினாள். முப்பத்தொரு ஓட்டத்தின் சராசரி ஐம்பத்தொன்பது. அந்தப் பெண்ணின் பேரையும் ஊரையும் போட்டு, ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் அந்த அட்டவணையை முழுதாகச் சேர்த்தாள். குழாய்க்கென்றே தனியாக ஐந்தாவதாக ஓர் அத்தியாயம். தலைப்பில் எந்த எண்ணும் போடவில்லை. எண்பத்தெட்டாம் நாள் சமர்ப்பித்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். பெரிய ஆள். அவருடைய புத்தகத்தைப் படித்துத்தான் அவள் சவ்வு என்றால் என்னவென்றே கற்றிருந்தாள். கடைசி வரிசையில் கணவனும் மாமனாரும். மாமனார் கையிலிருந்த பையைக் கீழே வைக்காமல், லிஃப்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

முக்கால் மணி நேரம் அவள் பேசினாள். ஐம்பத்தெட்டைச் சொன்னாள். குழாயைச் சொன்னாள். பேசி முடித்ததும் எல்லாரும் தேர்வாளரைப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. குழாய் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அவ்வளவுதான், சவ்வு போதாது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தாள் சுத்தம்மா.

"ஐயா, கேள்வி ஏதாவது..." என்றார் பேராசிரியர்.

"கேள்வி இருக்கு. ஆனா அவங்களுக்கு இல்லை" என்றார் அவர். "எங்க ஆய்வுக்கூடத்துல என்ன குழாய் மாட்டியிருக்குன்னு யோசிச்சிட்டு இருக்கேன். ஒரு போன் பண்ணிக்கலாமா?"

வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றபடி பேசினார். பிறகு வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்து பேசினார். பிறகு பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத்தில் யாரோ எழுந்து போய்ப் பார்க்கிறார்கள் போல. கால் மணி நேரம் கழித்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"ரப்பர்தானாம்" என்றார். "ஒன்பது வருஷமா."

யாரும் சிரிக்கவில்லை. அவரே முதலில் சிரித்தார், கொஞ்சம் பரிதாபமாக. அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் தேர்வாளர் கேட்கும் கேள்விகளாக இல்லை. குழாய் நிறைய எத்தனை நாள் ஆகும், சுடுநீர் விட்டால் ஊறினதைக் கக்கிவிடுமா, பழைய எண்களைத் திருத்த ஏதாவது வழி உண்டா. அவள் தெரிந்ததைச் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு மட்டும், "வழி இல்லைங்க. நான் தேடிப் பார்த்துட்டேன். திரும்ப ஓட்டித்தான் ஆகணும்" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு கடைசித் தாளை இழுத்து, முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மூடியிருந்த பேனாவை மறுபடியும் திறந்து, ஓரத்தில் ஒரு வரி சேர்த்தார். சுத்தம்மா அதை அப்புறம்தான் படித்தாள். 'ஐந்தாம் அத்தியாயத்தைத் தனியாக வெளியிடவும். சீக்கிரம். எனக்கு வேண்டும்' என்று எழுதியிருந்தது.

அவ்வளவுதான் கதை. எழுந்து கை காலை நீட்டிக்கொள்ளுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் தெளிந்தே வரட்டும். அதைக் குடிக்கிற வயிறெல்லாம் குளிர்ந்திருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் போடும் கணக்கு சரியாக வரட்டும். வராத நாளில், "எனக்குத் தப்பாப் போச்சு" என்று அவர்கள் பயமில்லாமல் வந்து சொல்லும்படி உங்கள் வாசல் திறந்தே இருக்கட்டும். குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.